கெடு தாண்டிய தாலி

"இது என்ன ஓய்?" என்று அதிகாரி எஸ்றா கேட்டபோது அடகுக் கடைக்காரர் காசிலிங்கம் திண்டிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

அதிகாரியின் இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு சின்ன மஞ்சள் துணிப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. இரும்புப் பெட்டியின் அடித்தட்டில், மற்ற நகைகளோடு ஒட்டாமல், வெற்றிலைச் செல்லத்துக்குள் தனியாகப் படுத்திருந்த பொட்டலம் அது. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் மேல்தட்டைப் பார்த்துவிட்டுப் போகும் அதிகாரிகளைத்தான் காசிலிங்கம் இதுவரை பார்த்திருக்கிறார். இந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையையே பெட்டிக்குள் விட்டுவிட்டார்.

"தாலிங்கய்யா."

"தாலின்னு தெரியுது. யாரு தாலி?"

"சீனித்தாயின்னு ஒரு பொம்பள. முள்ளக்காட்டுப் பக்கம். உப்பளத்துல வேலை. புருசன் கொழும்புத் தோணியில போறவன்."

"வச்சு ஒரு வருஷக் கெடு தாண்டிருச்சா, இல்லியா?"

"தாண்டிருச்சு. ஆனா வட்டி மாசா மாசம் தவறாம..."

"வட்டியை நான் கேட்டேனா?"

கேட்கவில்லைதான். 

அடகுக் கடைகளுக்கென்று சர்க்கார் புதிதாகச் சட்டம் போட்டிருந்த நேரம் அது. லைசென்ஸ் இல்லாமல் கடை நடத்தக் கூடாது, வட்டியை வாய்க்கு வந்தபடி வாங்கக் கூடாது, பொருள் வைத்தவர் கையில் சீட்டு கொடுக்க வேண்டும், கெடு தாண்டினால் சொல்லிவிட்டு ஏலம் போட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. தூத்துக்குடியில் மற்ற அடகுக் கடைக்காரர்கள் சட்டத்தைத் திட்டித் தீர்த்தார்கள். காசிலிங்கம் மட்டும் சந்தோஷப்பட்டார். நேர்மையாகக் கடை நடத்துகிறவனுக்குச் சர்க்காரே வந்து முதுகில் தட்டிக்கொடுத்த மாதிரி அவருக்கு இருந்தது. லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் திருச்செந்தூர் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினார். முருகனுக்குப் போடுகிற மாலையில் பாதியை அதற்கும் போட்டார். காலையில் சாம்பிராணி காட்டும்போது முருகனுக்கு ஒரு சுற்று, லைசென்ஸுக்கு ஒரு சுற்று.

இன்று அந்த லைசென்ஸையே எஸ்றா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொருளைக் கையில குடுக்காம, ஏலமும் போடாம, பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டுக் காலமெல்லாம் வட்டி கறக்குறது. உம்ம மாதிரி ஆளுககிட்ட இருந்து ஏழைபாழைகளைக் காப்பாத்தத்தான் ஓய் இந்தச் சட்டமே வந்திருக்கு."

"ஐயா, நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. அந்தப் பிள்ளைதான் திருப்ப மாட்டேங்குது."

"திருப்ப மாட்டேங்குதா? தாலியை அடகுல போட்டுட்டு வேண்டாங்கிற பொம்பளையை நீர் எந்த ஊர்ல கண்டீர்?"



"வெள்ளிக்கிழமை மறுபடியும் வருவேன். ஒண்ணு, அந்த அம்மா திருப்பியிருக்கணும். இல்லேன்னா ஏலம் போட்டிருக்கணும். ரெண்டுல ஒண்ணு நடக்கலேன்னா, அந்தா மாலை போட்டுத் தொங்குதே, அதை நான் கழட்டிக்கிட்டுப் போயிருவேன்."

அதிகாரி படி இறங்கினார். அவருடைய சேவகன் மனுவேல் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனவன், வாசலில் நின்று திரும்பினான்.

"அண்ணாச்சி, ஐயா சொன்னாருன்னா செய்வாரு. போன வாரம் ஆத்தூர்ல ஒரு கடையைப் பூட்டிட்டுத்தான் சோறே தின்னாரு."

இப்படி ஆறுதல் சொல்லிவிட்டு மனுவேலும் போய்விட்டான்.

காசிலிங்கம் திண்டில் சாய்ந்து கண்ணை மூடினார். தாலியை எப்படி ஏலம் போடுவது? சிவன் கோவில் தெருவில் நின்று 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று தாலியை ஏலம் கூறினால், மூன்றாவது தரம் சொல்வதற்குள் தெருவே கூடி முகத்தில் காறித் துப்பும். அவர் அப்பா காலத்திலிருந்தே அந்தக் கடையில் தாலியை அடகு பிடிப்பதில்லை. குண்டுமணித் தங்கம் கொண்டுவந்தாலும் வாங்குவார்கள். தாலியென்றால் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். இந்த ஒன்றைத்தான் அவர் வழக்கம் மீறி வாங்கியிருந்தார். அதற்குக் காரணம் சிவனணைந்தபெருமாளின் சிரிப்பு.

சீனித்தாயின் புருஷன் அவன். வாட்டசாட்டமான ஆள், உப்புத் தண்ணீரில் வெளுத்த தலைமுடி. தகப்பனாருக்குக் குடலில் ஏதோ கோளாறு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேண்டும் என்று பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். மாட்டவே மாட்டேன் என்றார் காசிலிங்கம். "சும்மா வையுங்க அண்ணாச்சி. தோணி கொழும்பு போயிட்டுத் திரும்பினதும் முத வேலையா நானே வந்து திருப்பிருவேன். கட்டினவன் நான்லா? திருப்புறதும் நாந்தான்" என்று சொல்லிச் சிரித்தான். கூட நின்ற சீனித்தாயும் வெட்கத்தோடு சிரித்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, அதில் தாலிக்குப் பதிலாக ஒரு மஞ்சள் துண்டு. அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. உலக யுத்தம் நடந்த சண்டைக் காலம். கொழும்பில் வேலை கிடைத்துத் தங்கியிருப்பான் என்று காசிலிங்கம் நினைத்துக்கொண்டார். கப்பல், தோணி பற்றி யாரும் எங்கும் பேசக் கூடாது என்று போலீஸார் கடைக்குக் கடை நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அவருடைய கடைச் சுவரிலும் ஒன்று இருந்தது. சர்க்கார் நோட்டீஸை எழுத்துக்கு எழுத்து மதிக்கிற மனிதர் ஆனதால், தோணிக்காரர் வீட்டுப் பெண்ணிடம் தோணியைப் பற்றி அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாள் வட்டி கொடுக்க வந்த சீனித்தாயை அவர் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. உப்பு அறுத்த காலோடு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தாயி, ஒரு நல்ல சேதி. புதுச் சட்டப்படி பழைய வட்டி செல்லாது. நீ இதுவரைக்கும் கூடவே குடுத்துட்ட. கூடக் குடுத்ததை அசல்ல கழிச்சா, பாதி கூட மிச்சமில்ல. அதைக் குடுத்துட்டு உன் பொருளை வாங்கிட்டுப் போ."

சட்டத்தின் பலனை ஓர் ஏழையின் கையில் நேரடியாக ஒப்படைத்த பெருமையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் சீனித்தாயின் முகம் வெளுத்துப் போயிற்று.

"எனக்குக் கழிக்க வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன் தாயி?"

"பழைய வட்டியே இருக்கட்டும். நான் குடுத்துருதேன். அவுக வந்து திருப்புவாவ."

"சர்க்காரே குறைச்சிட்டுல்லா!"

"சர்க்கார் குறைச்சா குறைச்சிட்டுப் போகட்டும். என்கிட்ட யாரு கேட்டாவ?"

அவள் வட்டியைப் பலகையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். ஆனால் காசிலிங்கத்தின் குரல் என்றைக்கும் கொஞ்சம் பெரிது. அடுத்த கடையில் எண்ணெய் வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் 'கூடக் குடுத்தது, கழிச்சது, சர்க்கார்' எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் கடை வாசலில் தேர்க்கூட்டம். எனக்குக் கழி, எனக்குக் கழி என்று ஆளுக்கொரு சீட்டை நீட்டினார்கள். சட்டம் சட்டம்தானே என்று காசிலிங்கம் எல்லாருக்கும் கழித்தார். கழித்து முடித்தபோது அவர் முகமும் சீனித்தாய் முகத்தின் நிறத்துக்கு வந்திருந்தது.

"பொழைக்கத் தெரிஞ்ச ஆளு!" என்றாள் அவர் மனைவி செல்லத்தாய், உள்ளேயிருந்து.

அடுத்த யோசனையை மனுவேல் கொடுத்தான். பழைய சீட்டை ரத்து செய்துவிட்டு, அதே பொருளுக்குப் புதுச் சீட்டு எழுதினால் புதுக் கெடு ஆரம்பமாகும். சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஆனால் வைத்தவர் வந்து, பொருளைக் கையில் வாங்கிக்கொண்டதாக ரேகை வைத்து, திரும்பவும் அடகு கொடுக்க வேண்டும்.

இதைச் சொல்லி அனுப்பியதும் சீனித்தாய் ஓடோடி வந்தாள். புதுச் சீட்டு என்றால் இன்னும் ஒரு வருஷம் பொருள் இங்கேயே இருக்கும் என்றதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காசிலிங்கத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி. எங்க ரேகை வைக்கணும்?"

"முதல்ல பொருளைக் கையில வாங்கிக்கோ. வாங்கி, திரும்ப என்கிட்ட குடு."

அவர் மஞ்சள் துணியைப் பிரித்துத் தாலியை நீட்டினார். சீனித்தாய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"வேண்டாம். வாங்காமலே வைக்கேன்."

"அது பொய்க் கணக்குல்லா? நொடி நேரம் பிடி தாயி. பிடிச்சிட்டுக் குடுத்துரு."

"நான் தொட மாட்டேன்."

"உன் தாலியை நீ தொட மாட்டியா?"

"அது என் கைக்கு வரக் கூடாது அண்ணாச்சி!" என்று கத்தினாள் சீனித்தாய். அவர் ஓர் அடி முன்னால் வந்தார். அவள் இரண்டடி பின்னால் போனாள். அவர் தாலியை நீட்டிக்கொண்டே படி இறங்கினார். அவள் தெருவில் இறங்கி ஓடினாள். முந்தானை பறக்க அவள் கோவில் முக்கில் திரும்பும்வரை, கையில் தாலியோடு நடுத்தெருவில் நின்ற காசிலிங்கத்தைச் சிவன் கோவில் தெரு முழுக்கப் பார்த்தது.

பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு பெண் தன் தாலியைப் பார்த்ததும் தொடமாட்டேன் என்று அலறிக்கொண்டு ஓடுகிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று தெரு தீர்மானித்தது. காசிலிங்கம் தங்கத்தை உருவிவிட்டுப் பித்தளையை வைத்துவிட்டார்.

மறுநாள் விடியுமுன்பே கதவு இடிபட்டது. "என் கம்மலைக் காட்டும்!" "என் பாம்படம் எங்க?" "ஒட்டியாணத்தை உரசிப் பாக்கணும்!" என்று ஒரே கூப்பாடு. காசிலிங்கம் பெட்டியைத் திறந்து போட்டு ஆசாரியைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். ஆசாரி ஒவ்வொன்றாக உரைகல்லில் உரசினார். எல்லாம் சுத்தத் தங்கம். ஆனால் உரசின நகையை உரசினதற்காகவே மட்டம் என்றது ஒரு கூட்டம். ஆசாரியும் கூட்டுக்களவாணி என்றது இன்னொரு கூட்டம். அப்பாவும் தாமும் சேர்ந்து சம்பாதித்த பெயர் உரைகல்லின் மேலேயே தேய்ந்து போவதைக் காசிலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. ஆண்பிள்ளை, அதுவும் கடைக்காரர், அழக் கூடாதென்று மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தின் நடுவே எஸ்றா வந்து நின்றார். வெள்ளிக்கிழமைக்கு முன்பே வந்துவிட்டார்.

"என்ன ஓய், பித்தளையாமே?"

"ஐயா, உரசிக் காட்டியாச்சு. நூத்துக்கு நூறு தங்கம்."

"எனக்குத் தெரியும், தங்கம்தான். நானே அன்னைக்கு எடை போட்டுப் பார்த்தேனே. ஆனா ஊருக்குத் தெரியணும். இனிமே இதை ரகசியமா முடிக்க முடியாது. அந்த அம்மா வீட்டுக்கே போய், ஊர்த்தலைவரைச் சாட்சி வச்சு, நாலு பேர் பார்க்க அவ கையில ஒப்படைக்கணும். ரேகை வாங்கிட்டு வர மனுவேலை அனுப்புறேன். இல்லேன்னா இதே தெருவில, இதே கூட்டத்துக்கு முன்னால, ஏலம்."

"ஐயா, அவகிட்ட திருப்பக் காசு இல்ல."

"அப்ப ஏலம்."

எஸ்றா கெட்ட மனிதர் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாசரேத்துப் பக்கத்தில் அவருடைய தாயார் ஒரு வட்டிக்கடைக்காரனிடம் வீட்டையும் காணியையும் இழந்தவள். அடகுக் கடைப் படியேறும்போதெல்லாம் அவருக்கு அந்த ஞாபகம்தான் வரும். ஏழைப் பெண் ஒருத்தியின் தாலியை அவள் கழுத்துக்கே திரும்பக் கொண்டுசேர்க்கப் போகிறோம் என்ற நல்ல எண்ணத்தில்தான் அவர் இத்தனை பிடிவாதமாக இருந்தார்.

அன்று மத்தியானம் சீனித்தாய் மறுபடி வந்தாள். இடுப்பில் ஒரு பித்தளைக் குடம், கையில் இரண்டு வெண்கலக் கும்பா, ஒரு ஜோடி வெள்ளி மிஞ்சி. எல்லாவற்றையும் பலகைமேல் பரப்பினாள்.

"இதையும் வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"பணம் வேணுமா தாயி?"

"பணம் வேண்டாம். இதுகளை வச்சுக்கிடுங்க. அதை ஏலம் போடாதீய. எனக்கும் தராதீய. அங்கனயே கெடக்கட்டும்."

காசிலிங்கம் பரம்பரை அடகுக் கடைக்காரர். பொருளை வைத்துப் பணம் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறார். பணத்தைக் கொடுத்துப் பொருளைக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறார். ஒரு பொருளைத் திருப்பாமல் இருப்பதற்காக இன்னொரு பொருளை அடகு வைக்க வந்தவளை இப்போதுதான் பார்க்கிறார்.  அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது போல் இருந்தது. ரோஷக்காரப் பெண், பிறத்தியார் தயவில் தாலியை வாங்கிக் கட்டிக்கொள்ள மாட்டாள். புருஷன் வந்து திருப்புவேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள்.

பாவம், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று நினைத்தார். அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டார். அசலும் வேண்டாம், வட்டியும் வேண்டாம். தாலியைச் சும்மாவே கொடுத்துவிடுவது. லைசென்ஸுக்கும் ஆபத்தில்லை, தெருவின் வாயும் மூடும், அந்தப் பிள்ளை கழுத்துக்கும் தாலி வந்து சேரும்.

"குடத்தை எடுத்துட்டுப் போ தாயி. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அவள் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். அத்தனை நாளில் முதல் தடவையாக நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

ராத்திரி சாப்பாட்டு வேளையில் விஷயத்தைச் சொன்னதும் செல்லத்தாய் பரிமாறுவதை நிறுத்திவிட்டாள்.

"என்னது? ஊரான் பொண்டாட்டிக்கு நீங்க தாலி கொண்டுட்டுப் போறீயளா?"

"கொண்டு போகல. திருப்பிக் குடுக்கப் போறேன்."

"காசு வாங்காமலா?"

"ஆமா."

"எனக்கு ஒரு மூக்குத்தி கேட்டு எத்தன வருசமாச்சு? எவளோ ஒருத்திக்குத் தாலியாம், சும்மாவாம்! தெருவுல தாலியக் கையில வச்சுக்கிட்டு அவ பின்னால ஓடினீயளாமே, அதுவும் எனக்குத் தெரியும்."

காசிலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். குடத்தைக் கொண்டுவந்து வைத்த கதையைக் கேட்டதும் செல்லத்தாயின் கை தானாகவே குழம்பை ஊற்றிற்று. கோபக்காரிதான், ஆனால் கல் நெஞ்சுக்காரி இல்லை.

"நீங்க குடுத்தா நல்லா இருக்காது. நானும் வாரேன். சுமங்கலி கையால குடுத்தாத்தான் அந்தப் பிள்ளைக்கும் நல்லது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜட்கா வண்டியில் மூவரும் புறப்பட்டார்கள். செல்லத்தாய் கல்யாணத்துக்குப் போவதுபோல் கண்டாங்கிச் சேலை கட்டியிருந்தாள். மடியில் ஒரு தாம்பாளம். அதில் ஆத்தூர் வெற்றிலை, பாக்கு, பூ, குங்குமம், புது மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி. காசிலிங்கம் வழிநெடுக ஒரு சின்னப் பிரசங்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். மனுவேல் மை டப்பியோடு வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன.

ஊர்த்தலைவரிடம் மனுவேல் முன்பே சொல்லிவைத்திருந்ததால், அவர் நாலு பேரோடு பிச்சையாவின் வீட்டு முற்றத்தில் காத்திருந்தார். பிச்சையா சீனித்தாயின் மாமனார். சிவனணைந்தபெருமாள் யாருக்காகத் தாலியை வைத்தானோ அந்தத் தகப்பனார். பிழைத்து எழுந்துவிட்டாலும் எலும்பும் தோலுமாக இருந்தார். வாசலில் உட்கார்ந்து பழைய வடக்கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தவர், வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தாம்பாளத்தைப் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

சீனித்தாய் தண்ணீர்க் குடத்தோடு வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தாள். காசிலிங்கத்தைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

காசிலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பெரியவங்க எல்லாரும் இருக்கீய. ஊரறிய, சர்க்கார் அறியச் சொல்லுதேன். இந்தப் பிள்ளை என் கடையில வச்ச பொருளுக்கு அசலும் இல்ல, வட்டியும் இல்ல. எல்லாம் தீர்ந்துபோச்சு. தங்கம் மாத்துக் குறையாம இருக்கு. யாரு வேணும்னாலும் உரசிப் பாத்துக்கிடலாம். இது என் தயவு இல்ல, யாரும் அப்படி நினைக்க வேண்டாம். என் தங்கச்சிக்குச் செய்யுத மாதிரி."

நன்றாகத்தான் பேசினார். கைதட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் யாராவது ஒருவராவது சிரிப்பார்கள் என்று நினைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து முற்றத்து ஓரத்தில் நின்றார்கள். 

"அண்ணாச்சி," என்றாள் சீனித்தாய். "பாத்துக்கிடுதேன்னு சொன்னீயளே."

"பாத்துட்டேன்லா தாயி!" என்றார் காசிலிங்கம் முகம் மலர.

செல்லத்தாய் தாம்பாளத்தோடு முன்னே போனாள். சீனித்தாய் கையை நீட்டவில்லை. ரோஷத்தைப் பாரேன் என்று செல்லமாகக் கடிந்துகொண்டு, செல்லத்தாயே குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். அவளுடைய கையை எடுத்து, தாலியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"பிடி ஏளா. தீர்க்காயுசா இருக்கணும். அவரு வந்து பாக்கும்போது கழுத்துல கெடக்கட்டும்."

மனுவேல் மை டப்பியைத் திறந்தான். சீனித்தாய் தானாக ரேகை வைக்கவில்லை. அவன்தான் அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் தொட்டு, காகிதத்தில் அழுத்தி எடுத்தான். அவள் கை உயிரில்லாத கை மாதிரி போன இடத்துக்குப் போயிற்று. பிறகு அவள் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று காசிலிங்கம் நினைத்தார். அவருக்கும் கண் கலங்கிற்று. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்குத் தகும் என்று தோன்றிற்று.

ஊர்த்தலைவர் பிச்சையாவின் பக்கம் திரும்பினார்.

"பிச்சையா, பொருள் கைக்கு வந்துட்டு."

"ஆமா. வந்துட்டு."

"அது வரட்டும், பெறவு முறையைச் செய்வோம்னு நீ சொன்னதுனாலதான் ஊரும் பொறுத்துக்கிட்டு இருந்தது. இத்தன பேரு பாத்தாச்சு. இனி நான் என்னன்னு சொல்லி நிறுத்த?"

பிச்சையா கையிலிருந்த வடக்கயிற்றைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். கடைசியில் உள்ளே பார்த்துத் தன் மகளைக் கூப்பிட்டார். குரல் யாருடையதோ போல் இருந்தது.

"சுடலி... சொம்புல பால் ஊத்தி எடுத்தா தாயி."

முறை, பால் என்று காதில் விழுந்ததும் காசிலிங்கம் கூச்சத்தோடு நெளிந்தார். ஏழைகள் ஆனாலும் எவ்வளவு மரியாதை! செல்லத்தாய் முந்திக்கொண்டாள்.

"ஐய, எங்களுக்குப் பாலெல்லாம் எதுக்கு? இப்பத்தான் காப்பி குடிச்சிட்டு வாரோம். முறையெல்லாம் ஒண்ணும் செய்ய வேண்டாம்."

சுடலைமாடத்தி, சீனித்தாயின் நாத்தனார், இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். ஓரத்தில் நின்ற பெண்கள் சீனித்தாயைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி மெதுவாக ஒப்பாரியை எடுத்தாள்.

சுடலைமாடத்தி செல்லத்தாயைப் பார்த்துச் சொன்னாள்:

"இது குடிக்கதுக்கு இல்லக்கா, தாலியைக் கழட்டிப் போடுததுக்கு, தோணியோட ஆளும் போச்சுன்னு சேதி வந்து ஒரு வருசமாச்சு, அது உங்க கடையில கெடந்த மட்டுக்கும்தான் எங்க அண்ணன் உசிரோட இருந்தான்."